கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய படிப்பு

எங்கள் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. ஒரு திரைச்சீலை தொங்கும், அவ்வளவுதான். பகலில் ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே பெரிய சண்டை, இல்லாவிட்டால் சாவு என்று அர்த்தம். இரண்டும் இல்லை என்றால் அதைவிட மோசமான ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். யாராவது வந்து தட்டுவார்கள். திறக்கும் வரை தட்டுவார்கள். தாராவியில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை, முப்பது வயதை நெருங்கும்போது கவுன்சிலிங் எம்.ஏ. படிக்கப் போகும் வரை.

அந்தப் படிப்பின் முதல் பாடமே கதவைச் சாத்துவதுதான். எதிரில் இருப்பவர் சொல்வது நான்கு சுவரைத் தாண்டக் கூடாது. அந்தப் பழக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால் யார் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை, அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். மாற்றாதது என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் போனது மட்டும்தான்.

கல்லூரி செம்பூரில். கொரோனாவில் எல்லோரும் வீட்டிலிருந்தே படித்துப் பழகியபின் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் சில நாட்கள் நேரில், மீதி நாட்கள் லேப்டாப்பில். மாணவர்கள் தங்கள் வசதிப்படி எங்கிருந்தும் படிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நான் படித்தே இருக்க முடியாது. காலை நேரங்களில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் உட்கார்ந்து வாங்கிய சம்பளத்தில்தான் படிப்பு ஓடியது. ஆகவே குறை சொல்வது நன்றி கெட்டத்தனம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘வசதிப்படி’ என்ற அந்தச் சொல்லை எழுதியவர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கள் வீட்டில் உட்கார்ந்து வகுப்பைக் கேட்டிருக்கலாம்.

வீடு என்பது ஒரு அறை. அப்பாவுக்குக் காட்கோபரில் ஒரு கட்டடத்தில் இரவுக் காவல் வேலை. பகல் முழுவதும் அந்த அறையின் நடுவில் தூங்குவார். அம்மா வாசலில் உட்கார்ந்து பிளவுஸ்களுக்கு ஹூக் வைத்துத் தைப்பாள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் அவளோடு இரண்டு வார்த்தை பேசாமல் போனால் கோபித்துக்கொள்வாள். எனக்கு மிச்சம் இருந்தது மாளா. அறைக்குள்ளேயே இரும்பு ஏணி வைத்து ஏறும் மேல்தட்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. தகரக் கூரை தலைக்கு மேலே கொதித்துக்கொண்டிருக்கும். சந்துப் பக்கம் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அங்கே சாக்கு விரித்து, பழைய டிரங்குப் பெட்டி மேல் லேப்டாப் வைத்து நான் மனித மனத்தைப் பற்றிப் படித்தேன்.

ஒரு நாள் வகுப்பில், அவரவர் இருக்கும் பாதுகாப்பான இடத்தைக் காமிராவில் காட்டச் சொன்னார்கள். ஒருத்தி பால்கனியைக் காட்டினாள். ஒருத்தன் கிடாரைக் காட்டினான். என் முறை வந்தபோது, சின்ன இடம்தான், ஆனால் அமைதியாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லி வாயை மூடவில்லை, கீழே வாசலில் அம்மா மீன்காரியோடு சண்டையை ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் நாகரிகமாகச் சிரித்தார்கள். ஆசிரியை, நிஜ ஆட்களோடு பேசும் பயிற்சி தொடங்குவதற்குள் எப்படியாவது ஒரு தனி அறைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். தனி அறையை ஏற்பாடு செய்ய முடிந்தால் தாராவியில் பாதிப் பேருக்குக் கவுன்சிலிங்கே தேவைப்படாது என்று பதில் சொல்ல நினைத்தேன். சரி மேடம் என்றேன்.

செம்பூர்க் கல்லூரியில் பயிற்சிக்கென்று ஒரு அறை இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, ஒரு கதவு. முதல் நாள் யாரும் இல்லாத நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் வந்து தட்டவில்லை. ஏனோ அழுகை வந்தது. அந்த அறையும் நேரில் வருகிற நாட்களுக்கு மட்டும்தான். எங்களுக்கு ஒதுக்கிய ஆட்களில் பெரும்பாலோர் திரையில்தான் வருவார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். மாடுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சு மட்டும் வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. நல்ல மனசு. என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, “நீ எங்காத்துக்கு வந்துடேன். மத்தியானம் யாரும் இருக்க மாட்டா. என் ரூம்ல ஒக்காந்து பேசிக்கோ” என்றாள். தண்டவாளத்துக்கு மேல் போகும் பாலம் ஏறி இறங்கி நடந்தால் அவள் வீடு. கதவைச் சாத்தினால் என்னவென்று யாரும் கேட்காத வீடு. அங்கிருந்துதான் என் பயிற்சி ஆரம்பமானது.

பல மருத்துவமனைகளிலிருந்து கல்லூரிக்கு ஆட்களை அனுப்பிவைப்பார்கள். தமிழ் மட்டுமே நன்றாகப் பேச வரும் ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று அவளை என்னிடம் கொடுத்தார்கள். காமிராவைப் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். திரையில் ஒரு கறுப்புக் கட்டம், அதிலிருந்து ஒரு குரல். சீத்தா கேம்ப்பில் இருக்கிறேன் என்றாள், அது ஊரின் இன்னொரு கோடியில் தமிழர்கள் நிறைய இருக்கும் இடம். நாங்கள் எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது என்பது விதி, அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் நான் புத்தகத் தமிழில் கேட்ட எல்லாவற்றுக்கும் “நல்லாருக்கேன் மேடம், ஒண்ணும் இல்ல மேடம்” என்பதுதான் பதில். கடைசியில் அலுத்துப்போய், “சரி, ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க, நான் கேக்குதேன்” என்று வாய் தவறி எங்கள் தெற்கத்தி வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

“நீங்க நம்ம பக்கமாக்கா?” என்றாள்.

அதற்குப்பின் அவள் மேடம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அவளிடம் சரியாகக் காட்டக்கூட இல்லை, துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷன் வாயைத் திறப்பதில்லை. மாமியார், பேசினால் மனசில் தங்கிவிடும், மறந்துவிடு என்று சொல்லி, குழந்தைக்கு வாங்கிவைத்த துணிகளை அவள் குளித்துவிட்டு வருவதற்குள் யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.

“காலு மட்டும் பாத்தேங்க்கா. துணிக்கு வெளிய கெடந்துச்சு. கட்டை வெரலு அகலமா, எங்க அப்பாவுக்கு இருக்க மாதிரியே” என்றாள் ஒரு நாள். “அந்தக் காலைப் பத்தி யார்ட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. இப்பச் சொல்லிட்டேன்.”

நல்லவேளை, பதில் சொல்லாமல் இருப்பதும் எங்கள் படிப்பில் ஒரு பாடம். அன்று வைக்கும் முன், “அதுக்கு நான் ஒரு பேரு வச்சிருக்கேன். எம் மனசுக்குள்ளதான். அடுத்த வாட்டி சொல்லுதேன்” என்றாள். நானும் அந்த அடுத்த வாட்டிக்காகக் காத்திருந்தேன். ஒருவரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாளானால் அந்தக் குழந்தை இருந்தது என்பதற்கு இன்னொரு ஆள் சாட்சி. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், என்னால் கொடுக்க முடிந்ததும் அவ்வளவுதான்.

அதற்குள் மாடுங்கா தோழியின் அக்கா பிரசவமாகிப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். தோழியின் அறை தாய்க்கும் பிள்ளைக்கும் போய்விட்டது. கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொள் என்று அப்போதும் சொன்னாள். எப்படிப் பேசுவது? அந்தப் பெண் பேசும்போது பின்னால் ஒரு பச்சைக் குழந்தை அழுதால்? நான் மாளாவுக்குத் திரும்பிவிட்டேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். காதில் இயர்போன். அப்பாவுக்குத் தூக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. நான் பேசப்போவது குறைவு, கேட்கப்போவதுதான் அதிகம், ஒரு நாள் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் சந்தில் இன்னொரு வழக்கம் உண்டு. குழாயில் தண்ணீர் வந்ததை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர் கத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது எதிர் வரிசையில் இருக்கும் ஒரு அத்தைதான். உறவில்லை, நான் சின்ன வயதிலிருந்து அத்தை என்று கூப்பிடுவது. அவர் கத்தினால் மெயின் ரோடு வரை கேட்கும். வழக்கமாக விடியற்காலையில் வரும் தண்ணீர், எங்கோ குழாய் வேலை நடந்ததால் அந்த வாரம் மட்டும் மத்தியானத்தில் வந்துகொண்டிருந்தது. அது என் நினைவிலேயே இல்லை.

அவள் வந்தாள். கறுப்புக் கட்டம். எப்படி இருக்கீங்க என்றேன். “இன்னைக்குச் சொல்லிருதேங்க்கா. வீட்டுல யாரும் இல்ல” என்றாள். மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது.

“தண்ணி வந்துட்டேய்! ஏட்டி, தண்ணி வந்துட்டு!”

ஜன்னல் வழியாக வந்தது அத்தையின் குரல். அது ஓய்வதற்குள் அதே குரல், அதே இழுப்போடு, என் இயர்போனுக்குள் இன்னொரு முறை வந்தது. என் மைக் வழியாக அவளுக்கும் அப்படித்தான் இரண்டு முறை கேட்டிருக்கும்.

கீழே குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. அதுவும் இரண்டு முறை கேட்டது.

“அக்கா, நீங்க எங்கருந்து பேசுதிய?” என்றாள்.

விதி தெரிந்த வாய் மூடிக்கொண்டது. அவள், “தண்ணி புடிக்கணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பயிற்சியை மேற்பார்வையிடும் ஆசிரியையிடம் அன்றே சொன்னேன். நாங்கள் பேசியது ஆங்கிலமும் இந்தியும் கலந்து, அவர் சொன்னது இதுதான். ஒரே சந்தில் தினம் முகத்தில் முழிக்கும் இருவர் இந்த உறவில் இருக்க முடியாது. அது அவளுக்குப் பாதுகாப்பு இல்லை. அவளை வேறொருவரிடம் மாற்ற வேண்டும். விடைபெறுவதற்கு ஒரே ஒரு முறை பேசிக்கொள்ளலாம். எங்காவது நேரில் பார்த்தால் நானாகப் பேச்செடுக்கக் கூடாது. ஆசிரியை கல்நெஞ்சுக்காரி இல்லை. “நீ தப்பு எதுவும் செய்யவில்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தப்புச் செய்திருந்தால் தேவலை, திருத்திக்கொள்ளலாம். இதில் திருத்த என்ன இருக்கிறது? அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம்தான். நியாயமாக இருந்ததில்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது.

விடைபெறும் நாளில் அவள் வரவில்லை. ஒதுக்கிய நேரம் முழுவதும் திரையில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளை மாடுங்கா தோழியிடம் மாற்றினார்கள், தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். அந்தப் பெண் தோழியிடம் ஒரே ஒரு முறை பேசினாள். அடுத்த குழுக் கூட்டத்தில் தோழி பாவம் முகம் சுருங்கிச் சொன்னாள்: “நான் ‘சொல்லுங்கோ, ஒண்ணும் அவசரமில்லே’ன்னுதான் சொன்னேன். எல்லாம் சரியாயிட்டு மேடம், இனிமே வேண்டாம்னுட்டா.” எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் கூப்பிட எங்களுக்கு உரிமை இல்லை.

எதிர் வரிசை அத்தைக்கு ஒரே மகன். உல்லாஸ்நகரில் வேலை, அங்கேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவன் கொஞ்ச நாளைக்கு முன்புதான் மனைவியோடு இங்கே வந்திருந்தான். மருமகளுக்கு உடம்புக்குச் சரியில்லை, அதனால் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும்தான் அத்தை சந்தில் சொல்லியிருந்தார். காலையில் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த நான் அந்தப் பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. திரையில் வந்த குரல் அவளுடையதுதான் என்று புரிந்தபின் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் நேரம் விடியற்காலைக்குத் திரும்பியதும் குழாயடிக்குப் போனால் வாயைத் திறப்பதை நிறுத்தினேன். என் குரலை அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம். என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவேன். பல்வலி என்று பக்கத்து வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். பல் டாக்டரிடம் வேலை பார்த்தும் இப்படியா என்று கிண்டல் வேறு.

ஒரு காலையில் அம்மா வாசலிலிருந்து, “சின்னக் குடம் எங்க வச்ச?” என்று கேட்டாள். யோசிக்காமல், “ஏணிக்கு அடியில இருக்கும்மா” என்றேன்.

வரிசையில் எனக்கு முன்னால், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து நின்றவள் நிமிர்ந்து திரும்பினாள். சின்னப் பெண். நான் குரலை வைத்து நினைத்திருந்ததைவிடச் சின்னவள். என்னைப் பார்த்தாள், பிறகு என் குடத்தைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். தன் முறை வந்ததும் பாதிக் குடத்தோடு போய்விட்டாள்.

அதற்குப்பிறகு நாங்கள் இருவருமே குழாயடியில் பேசுவதில்லை.

என் படிப்பின்மேல் அம்மாவுக்குப் பெருமை உண்டு, என்ன படிப்பு என்பதுதான் பிடிபடவில்லை. மனசு சரியில்லாதவர்களிடம் பேசிச் சரிபண்ணுவது என்று புரிந்துவைத்திருந்தாள், அது பெரிய பிழையும் இல்லை. ஒரு மத்தியானம் நான் மாளாவில் இருக்கும்போது கீழேயிருந்து கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தால் அம்மாவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

“அவ மாமியா சொன்னா, ‘ஒம் மவ அதுதான படிக்கா, எம் மருமவட்ட கொஞ்சம் பேசச் சொல்லேன். வந்ததுலருந்து வாயே தொறக்க மாட்டக்கா’ன்னு. நீ பேசுட்டி. அப்பா முழிக்க மாட்டாரு” என்றாள் அம்மா. அதோடு விட்டிருக்கலாம். நான் கதவு கதவு என்று அடித்துக்கொண்டதெல்லாம் அவள் மனதில் எங்கோ தங்கியிருந்திருக்கிறது. “நான் வெளிய இருக்கேன். ஒருத்தரும் வராமப் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், அந்த வீட்டில் என் நினைவு தெரிந்து முதல் முறையாக, பட்டப்பகலில் கதவைச் சாத்தினாள்.

அந்தப் பெண் தூங்கும் அப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்து ஏணியில் ஏறினாள். உள்ளே வந்து தலை தட்டாமல் உட்கார்ந்தாள். ஜன்னலில் கட்டியிருந்த போர்வையைப் பார்த்தாள். டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். அதன்மேல் சுருண்டு கிடந்த இயர்போனைப் பார்த்தாள்.

“இங்கருந்துதான் பேசுனியளாக்கா?”

விதிப்படி நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அம்மாவைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

“பெரிய ஆஸ்பத்திரில ஏசி ரூமுல ஒக்காந்து பேசுதியன்னு நெனச்சேன்.”

“நீ சீத்தா கேம்ப்புன்னு சொன்ன” என்றேன். முதல் முறையாக அவளை நீ என்றேன்.

“வேற எடம்னு சொன்னாத்தான பேச முடியும்.” இயர்போனைக் கையில் எடுத்துச் சிக்கு எடுக்க ஆரம்பித்தாள். “அந்த மாடுங்காக்காரவுக நல்லவுகதான். ஆனா அவுகட்ட அந்தக் காலைப் பத்தி எப்படிச் சொல்லன்னு தெரியல. முதல்லருந்து சொல்லணும்லா.”

“ஆமா” என்றேன்.

சிக்கெடுத்து முடித்து ஒயரைச் சுற்றி வைத்தாள். நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதால் இல்லை, கேட்டால் போய்விடுவாளோ என்று. அவள் போர்வையின் ஓரத்தை விலக்கி வெளியே பார்த்துவிட்டுத் திரும்பினாள். அந்த மூச்சை எனக்குத் தெரியும், இயர்போனில் கேட்ட அதே மூச்சு.

கதவில் முதல் தட்டு விழுந்தது.

“அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு? ஏன் பகல்ல கதவு பந்த் பண்ணிருக்கு?”

வெளியே அம்மா, “ஒண்ணும் இல்ல, உள்ள பேசிக்கிட்டு இருக்காளுவ, போங்க” என்பது கேட்டது. யார் நம்புவார்கள்? சாத்திய கதவு, அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவி, உள்ளே வயதான புருஷன். சந்து கூடிவிட்டது. யாரோ என் மாமாவுக்குப் போன் பண்ணச் சொன்னார்கள். யாரோ ஆம்புலன்ஸ் என்றார்கள். அதற்கெல்லாம் மேலே, தண்ணீர் வந்ததைச் சொல்லும் அந்தக் குரல் சந்து முனையிலிருந்து ஓடி வந்தது.

“எம் மருமவ உள்ள இருக்கா. எம் மருமவ உள்ள இருக்கா. என்னமும் பண்ணிக்கிட்டாளா?”

அத்தை இரண்டு கையாலும் கதவை அடித்தார். அந்தக் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதே இல்லை. மறந்துவிடு என்று சொன்னவர், தினமும் இதைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் அதைச் சொல்ல ஆள் இல்லை.

இடி விழுந்தாலும் எழுந்திருக்காத அப்பா அன்று எழுந்துவிட்டார். லுங்கியை இறுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, “என்னவே?” என்றார். செத்துப்போனவர் என்று நினைத்தவர் வந்து நின்றதும் கூட்டம் சிரித்துவிட்டது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த மருமகளைப் பிடித்து, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லத்தை. பேசிக்கிட்டுதான் இருந்தோம்” என்றாள் அவள்.

“மூதேவி, பயந்துட்டேன்” என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் யாரோ டீ வாங்கி வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஆயுசு கூடிவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்லிக் குடித்தார்கள். கூட்டம் கலைந்தபின் அம்மா ஏணிக்குக் கீழே வந்து நின்றாள்.

“என்னட்டி சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

“தெரியாத ஆளுவட்டல்லாம் போன்ல மணிக்கணக்காப் பேசுத. வீட்டுக்கு வந்த புள்ளைய ஒரு வார்த்தை பேச வைக்க முடியல” என்றாள். திட்டிச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். நான் மேலே உட்கார்ந்து அந்த இயர்போனைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியையிடம் இதையும் சொன்னேன். மறுபடி இது நடக்காமல் பார்த்துக்கொள் என்றார். நடக்கவில்லை. பயிற்சிக்கு வேண்டிய மீதி நேரத்தை இந்தியில் பேசுகிறவர்களிடம் பேசி முடித்தேன். படிப்பு முடியும்போது திரையில் ஒரு கடைசிக் கூட்டம். பாதி நேரிலும் பாதி வீட்டிலும் படித்தது எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். மாடுங்கா தோழி, பயண நேரம் மிச்சம் என்றாள். என் முறை வந்தது. வசதியாக இருந்தது என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு விடியற்காலை, குழாயடி. தண்ணீர் வந்ததைக் கத்தி முடித்த அத்தை, அதே குரலில் இன்னொன்றையும் சொன்னார். “எம் மருமவ முழுகாம இருக்கா. எங்க வீட்டுக்கு மொதப் புள்ளை வரப்போவுது.” எல்லோரும் குடங்களை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள், ஒருத்தி முதல் பிள்ளை பையன்தான் என்றாள். அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, தன் குடத்தை எடுக்க என் பக்கம் வந்தாள்.

“ரெண்டாவது” என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி.

“ஆமா. ரெண்டாவது” என்றேன்.

அவள் இன்னும் ஏதோ, ஒருவேளை அந்தப் பெயரை, சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் அத்தை வந்து அவள் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். “இனிமே நீ குடம் தூக்கக் கூடாது. குழாய்ப் பக்கமே வரக் கூடாது. நான் பாத்துக்கிடுதேன், உள்ள போ” என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார். அவள் போனாள். மறுநாளிலிருந்து தண்ணீர் பிடிக்க அத்தைதான் வருகிறார்.